கள்ளக்குறிச்சிக்கு என்ன டேட்டா டைப்?

பொட்டி தட்டுற மக்கள்கிட்ட ஒரு பழக்கம் உண்டு. எந்த ஃப்ரேம்வொர்க் உசத்தி, எந்த டேட்டாபேஸ் வேகம்னு கேட்டா மணிக்கணக்கா மல்லுக்கட்டுவாங்க. ஆனா மாடல் எழுதும்போது எந்த ஃபீல்டுக்கு என்ன டைப்னு முடிவு பண்றது மட்டும் டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும். பேரா? கேரக்டர். நம்பரா? இன்டிஜர். நாளா? டேட். ஆமாவா இல்லையா? பூலியன். ஜோலி முடிஞ்சது, அடுத்த ஆணியப் புடுங்கு.

என் கட்சி என்னன்னா, ஒரு வெப் அப்ளிகேஷன்ல ரொம்ப காலம் அசையாம நிக்கப்போற முடிவு அந்த டீ ஆறுறதுக்குள்ள எடுத்த முடிவுதான். கலரை மாத்தலாம், மெனுவை மாத்தலாம், முழு ஸ்க்ரீனையே தூக்கிப் போட்டுட்டுப் புதுசா பண்ணலாம். பல லட்சம் பேரோட விவரம் உள்ள போனதுக்கப்புறம் ஃபீல்டு டைப்பை மாத்துறேன்னு சொல்லிப் பாருங்க, மேனேஜர் முகம் போற போக்கைப் பார்க்கணும். அதனால யாரும் மாத்த மாட்டாங்க. ஃபார்ம் நிரப்புற ஆளுதான் அந்த டைப்புக்குத் தகுந்தாப்ல தன்னை மாத்திக்கணும்.

நமக்கு ஊர்ப்பக்கம் கள்ளக்குறிச்சி. மேற்கால பார்த்தா கல்வராயன் மலை. நான் பார்த்த வரைக்கும், எந்த மாடலையும் இந்த ஒரு மாவட்டத்தை வச்சே டெஸ்ட் பண்ணிடலாம். இங்க தாங்குச்சுன்னா எங்கயும் தாங்கும். எப்படின்னு ஒவ்வொண்ணா சொல்றேன். பொட்டி தட்டாத மக்களும் தைரியமா படிக்கலாம், கோடு ஒரு வரி கூட கிடையாது :-)

கூட்டிப் பார்க்காத நம்பர், நம்பரே இல்ல

கள்ளக்குறிச்சியோட எஸ்டிடி கோடு 04151. இதை இன்டிஜர் ஃபீல்டுல போட்டா 4151 ஆயிடும். முன்னாடி இருக்கிற ஜீரோவுக்குக் கணக்குல மதிப்பு இல்லைன்னு கம்ப்யூட்டர் நினைக்குது. கணக்குப்படி அது சரிதான். ஆனா நாம கொடுத்தது கணக்கு இல்லையே, ஒரு அடையாளம்.

மொபைல் நம்பர் கதை இன்னும் மோசம். சாதாரண 32 பிட் இன்டிஜர்ல அதிகபட்சம் 2147483647 வரைக்கும்தான் போகும். நம்ம மொபைல் நம்பரெல்லாம் 6, 7, 8, 9-ல தொடங்குற பத்து இலக்கம். உள்ளேயே போகாது. மைஎஸ்க்யூஎல்ல கண்டிப்பில்லாத பழைய மோடுல இன்னும் வேடிக்கை. எரர் காட்டாம, அதிகபட்ச மதிப்பைச் சேமிச்சுட்டு கமுக்கமா இருந்துடும். ஊர்ல உள்ள அத்தனை பேருக்கும் ஒரே போன் நம்பர்!

நில சர்வே நம்பரை எடுத்துக்குங்க. 112-ன்னு ஆரம்பிக்கும். அண்ணன் தம்பி பாகம் பிரிச்சா 112/3 ஆகும், அதுல கொஞ்சம் வித்தா 112/3ஏ, அதையும் பிரிச்சா 112/3ஏ1. இதுக்கு எவனாவது இன்டிஜர் வச்சான்னா அவன் நிலமே பார்த்ததில்லைன்னு அர்த்தம். ஆதார் பன்னிரண்டு இலக்கம், அதையும் எண்ணா வச்சு எக்செல்ல திறந்தா ஈ+11-ன்னு முடியுற என்னமோ ஒண்ணைக் காட்டும். பதினாறு இலக்கத்துல ஒரு அக்கவுன்ட் நம்பர் இருந்தா இன்னும் மோசம். எக்செல் பதினஞ்சு இலக்கம்தான் ஞாபகம் வச்சிக்கும், கடைசி இலக்கம் ஜீரோவாகிப் போயே போச்சு.

ரூல் சிம்பிள். ரெண்டு பேரோட பின்கோடைக் கூட்டினா என்ன வரும்? சராசரி ஆதார் நம்பர் எவ்வளவு? இந்தக் கேள்வியே கிறுக்குத்தனமா தெரியுதா? அப்போ அது எழுத்து. கேரக்டர் ஃபீல்டுல போட்டு, என்னென்ன எழுத்து வரலாம்னு ஒரு வேலிடேஷன் வச்சா வேலை முடிஞ்சது.

பத்து பாயிண்ட் முப்பத்தஞ்சு

சரி, நிஜமாவே கூட்டிப் பெருக்குற எண்கள்? அங்கயும் குழி இருக்கு. எங்க மாவட்டத்துல ரெண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலை, ஒண்ணு மூங்கில்துறைப்பட்டு, இன்னொண்ணு கச்சிராயபாளையம். கரும்புக்கு மத்திய அரசு ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு விலை அறிவிக்கும். 2024-25 சீசனுக்கு, சர்க்கரைக் கட்டுமானம் (ரெக்கவரின்னு சொல்வாங்க) 10.25 சதவீதம்னா குவிண்டாலுக்கு 340 ரூபாய். அதுக்கு மேல கூடுற ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் 3.32 ரூபாய் சேர்த்துத் தரணும்.

இப்ப ஒரு புண்ணியவான் ரெக்கவரியை ஃப்ளோட் ஃபீல்டுல வைக்கிறார்னு வைங்க. ரெக்கவரி 10.35. எத்தனை படி கூடியிருக்கு? மனக்கணக்குல ஒரு படி. கம்ப்யூட்டர் கிட்ட 10.35-லேர்ந்து 10.25-ஐக் கழிச்சு 0.1-ஆல வகுக்கச் சொல்லுங்க. 0.99999-ன்னு என்னமோ வரும், ஒண்ணு வராது. ஏன்னா 10.35-ங்கிற எண்ணை ரெண்டடிமானத்துல துல்லியமா எழுதவே முடியாது, இம்மியளவு கம்மியாத்தான் சேமிக்கும். அடுத்த வரியில முழு எண் மட்டும் எடுன்னு எழுதியிருந்தா விடை ஜீரோ. விவசாயிக்கு வரவேண்டிய ஒரு படி காலி. குவிண்டாலுக்கு 3.32, டன்னுக்கு 33.20, நூறு டன் வெட்டினவருக்கு 3,320 ரூபாய். யாரும் திருடல. யாரும் தப்புக் கணக்கும் போடல. டைப் மட்டும்தான் தப்பு. நம்பிக்கை இல்லன்னா பைத்தான்ல நீங்களே போட்டுப் பாருங்க.

டெசிமல் ஃபீல்டுன்னு ஒண்ணு இருக்கிறதே இதுக்குத்தான். மொத்தம் எத்தனை இலக்கம், புள்ளிக்கப்புறம் எத்தனைன்னு சொல்லிட்டா சொன்னபடி நிக்கும். இல்லாட்டி காசை பைசாவாவும் எடையைக் கிலோவாவும் முழு எண்ணா வச்சிக்குங்க. இன்னொண்ணு, ஃபீல்டோட பேர்லயே அலகைச் சேர்த்து எழுதிடுங்க. அரசாங்கம் பேசுறது குவிண்டால், ஊர்ல பேசுறது டன். 'விலை'ன்னு மட்டும் பேர் வச்சா, ஆறு மாசம் கழிச்சு வர்ற ஆளு எதை எதால பெருக்குறதுன்னு முழிப்பான். பட்டாவுல ஹெக்டேர்-ஏர், வாய்ப்பேச்சுல ஏக்கர்-சென்ட். அதுக்கும் இதே வைத்தியம்தான்.

மாவட்டம்ங்கிறது ஒரு லிஸ்ட் இல்ல

இப்ப மெயின் மேட்டர். என்னை இந்தப் பதிவு எழுத வச்சதே இதான்.

கல்வராயன் மலையில 1990-ல ஒரு குழந்தை பிறந்திருந்தா, அது பிறந்த மாவட்டம் தென் ஆற்காடு. 1993 செப்டம்பர் 30-ல அது ரெண்டாப் பிரிஞ்சு இந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம் ஆச்சு. அப்ப விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம்னு பேரு. 1997-ல மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பேர் வேணாம்னு எடுத்தப்ப வெறும் விழுப்புரம். 2019 நவம்பர் 26-லேர்ந்து கள்ளக்குறிச்சி. ஆளு இருந்த இடத்துலேயே இருக்கார், குடிசை கூட நகரல. மாவட்டத்தின் பேர் மட்டும் நாலாவதா மாறி நிக்குது.

இதுக்கு நம்மாளுங்க என்ன பண்றாங்க? மாடல்லயே ஒரு சாய்ஸ் லிஸ்ட். இன்னிக்குத் தேதியில இருக்கிற மாவட்டங்களை வரிசையா டைப் அடிச்சு, சதுரமா ஒரு டிராப் டவுன். கேட்டா "இதெல்லாம் எங்க சார் மாறப் போகுது" என்பார்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வச்சிருக்கிற நண்பர் ஒருத்தர் சொன்ன கேஸ் இது. வெள்ளிமலைப் பக்கத்துப் பையன், ப்ளஸ் டூ முடிச்சுட்டு ஒரு படிப்புக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ண வந்திருக்கான். கையில சாதிச் சான்றிதழ், சின்ன வயசுல வாங்கினது. எஸ்.டி. சான்றிதழை ஆர்.டி.ஓ. ஆபீஸ்லதான் தருவாங்க. அதனால அதுல 'கோட்டம்: கள்ளக்குறிச்சி, மாவட்டம்: விழுப்புரம்'னு தெளிவா இருக்கு. ஃபார்ம்ல சான்றிதழ் கொடுத்த மாவட்டம் கேக்குது. விழுப்புரம்னு போட்டா, அடுத்த பெட்டியில கள்ளக்குறிச்சி கோட்டமே வரல. கள்ளக்குறிச்சி மாவட்டம்னு போட்டா கோட்டம் வருது, ஆனா சான்றிதழ்ல இருக்கிறதுக்கும் ஃபார்ம்ல இருக்கிறதுக்கும் பொருந்தாது. சரிபார்க்கும்போது தள்ளிட்டா என்ன பண்றது? "அண்ணே, எதைப் போட்டா பொய் சொன்னதா ஆகாது?"ன்னு கேட்டானாம் அந்தத் தம்பி. கடைசி நாளுக்கு ரெண்டு நாள்தான் பாக்கி. புது சான்றிதழ் வாங்குன்னு சொல்றது ரொம்ப ஈசி. மலையிலேர்ந்து இறங்கி கள்ளக்குறிச்சிக்கு வந்து போறதே ஒரு நாள் கூலி போச்சுங்கிற கணக்குல வாழுறவங்ககிட்ட அதைச் சொல்லணும்.

அவன் கேட்ட கேள்வியைத்தான் மாடல் எழுதினவன் தன்னையே கேட்டிருக்கணும். சான்றிதழ் கொடுத்த மாவட்டம்ங்கிறது, கொடுத்த தேதியில இருந்த மாவட்டம். இன்னிக்கு மேப்புல இருக்கிறது இல்ல.

இதுல இன்னொரு அடுக்கும் இருக்கு. மலையில பெரும்பான்மையா இருக்கிறது மலையாளி பழங்குடி மக்கள் (கேரளாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள், பேசுறது தமிழ்). 1976-ம் வருஷத்துத் திருத்தச் சட்டப் பட்டியல்ல இந்தச் சமூகத்தின் பேருக்குப் பக்கத்துலயே மாவட்டங்களும் வருது: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. அதாவது கல்வராயன் மலைப் பையனுக்கு இடஒதுக்கீட்டு உரிமை வர்றது, இன்னிக்கு இல்லாத 'தென் ஆற்காடு'ங்கிற மாவட்டத்தின் வழியா. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில இருக்கிற மலையாளி மக்கள், தங்களையும் எஸ்.டி.ல சேருங்கன்னு வருஷக்கணக்கா போராடினாங்க. காரணம், அவங்க மாவட்டம் அந்த வரியில இல்ல. ஒரே சமூகம், ஒரே பேர், எந்த மலையில நிக்கிறோம்ங்கிறதை வச்சுச் சட்டம் வேற.

இதைத் தெரியாத ஒருத்தர் 'சமூகம்'னு ஒரு டிராப் டவுன், 'மாவட்டம்'னு ஒரு டிராப் டவுன் வச்சு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன செக் எழுதினா போதும், ஒரு மலையே தகுதி இழந்துடும். மூணு ஜாகீர்தார்கள் கையில இருந்த மலை இது. நாடு 1947-லயே சுதந்திரம் வாங்கியும், 1976-லதான் ஜாகீர் ஆட்சி முடிஞ்சு இங்க அரசு நிர்வாகம் வந்தது. அதுக்கப்புறம் கிடைச்ச உரிமையை ஒரு சாய்ஸ் லிஸ்ட் பறிக்கலாமா?

தீர்வு ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்ல. மாவட்டத்துக்குத் தனி டேபிள். அதுல பேர், எப்பலேர்ந்து, எதுவரைக்கும், எதுலேர்ந்து பிரிஞ்சது. சான்றிதழ், பிறப்பு, முகவரி எல்லாத்துலேர்ந்தும் அந்த டேபிளுக்கு ஃபாரின் கீ. சான்றிதழ்னா அதோட தேதியை வச்சு அன்னிக்கு இருந்த மாவட்டத்தையும் கோட்டத்தையும் காட்டணும். ஊர்களுக்கு எல்.ஜி.டி. கோடுன்னு மத்திய அரசோட உள்ளாட்சி டைரக்டரியில எண் இருக்கு, அதை அடையாளமா வச்சிக்கிட்டு பேரை வெறும் பேரா வைங்க. ஒரு நாள் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

புள்ளிவிவரம் பண்றவங்களுக்கும் இது முக்கியம். 2011 சென்சஸ்ல விழுப்புரம் மாவட்ட மக்கள்தொகை 34,58,873. அதுல கள்ளக்குறிச்சியும் அடக்கம். அதை எடுத்து 2019-க்கு அப்புறம் வந்த 'விழுப்புரம்' எண்ணோட ஒப்பிட்டு, "மக்கள்தொகை பாதியாச்சு"ன்னு வரைபடம் போடாம இருந்தா சரி.

பேரு, பொறந்த நாளு, ஆணா பெண்ணா

முதல் பேர், கடைசிப் பேர். ரெண்டும் கட்டாயம், ரெண்டும் குறைஞ்சது மூணு எழுத்து. தமிழ்நாட்டுல இனிஷியல்னு ஒண்ணு இருக்கிறது இந்த ஃபார்ம் எழுதறவங்க காதுல இன்னும் விழல. விளைவு? அப்பா பேர் மகனோட கடைசிப் பேராகி, ஒரே ஆளுக்கு நாலு சான்றிதழ்ல நாலு பேர். 'முழுப்பேர்'னு ஒரே ஃபீல்டு வைங்க, எப்படி எழுதுறாங்களோ அப்படியே வாங்கிக்குங்க. இனிஷியல் தனியா வேணும்னா விருப்பம் இருந்தா நிரப்பட்டும்.

பொறந்த தேதி. மலையில வயசானவங்ககிட்ட கேளுங்க, "அந்தப் பெரிய மழை வந்த வருஷம்" மாதிரி ஏதாவதுதான் பதில் வரும். டேட் ஃபீல்டுக்கு அது புரியாது, நாள் மாசம் வருஷம் மூணும் வேணும். அதனால ஜனவரி 1-ன்னு போட்டுருவாங்க. ஆதார்லயே பிறந்த தேதி சரிபார்க்கப்பட்டதா, சொன்னதா, தோராயமான்னு ஒரு குறிப்பு உண்டு. அந்த ஒரு சின்ன ஃபீல்டுதான் உண்மையையும் ஊகத்தையும் பிரிக்குது. அதைக் காப்பி பண்றவங்க தேதியை மட்டும் எடுத்துட்டு குறிப்பை விட்டுடுறாங்க. ஊகம் உண்மையாயிடும். அறுபது வயசுக்கு மேலதான் உதவித்தொகைன்னு ஒரு விதி வந்தா, அந்தப் பொய்த் தேதியோட ஒரு பாட்டி மல்லுக்கட்டணும்.

அப்புறம் அந்த பூலியன். 'ஆணா? ஆம்/இல்லை'ன்னு பாலினத்தை பூலியன்ல வச்ச டேபிளை நான் கண்ணால பார்த்திருக்கேன். வருஷா வருஷம் நாடெங்கும் இருந்து திருநங்கைகள் கூடுற கூத்தாண்டவர் கோயில் இருக்கிற கூவாகம், இப்போ எங்க கள்ளக்குறிச்சி மாவட்டம்தான், உளுந்தூர்பேட்டை தாலுகா. தமிழ்நாட்டுல திருநங்கையர் நல வாரியம் 2008-லயே வந்தாச்சு, மூன்றாம் பாலினத்தை அங்கீகரிச்சு உச்ச நீதிமன்றம் 2014-ல தீர்ப்பு சொல்லியாச்சு. பூலியனுக்குத்தான் இன்னும் தெரியல.

பொதுவா பூலியன் வைக்கிறதுக்கு முன்னாடி, "தெரியாது" ஒரு பதிலா வருமா, "எப்பலேர்ந்து?"ன்னு யாராவது பின்னாடி கேப்பாங்களான்னு யோசிங்க. ரெண்டுல ஒண்ணு ஆமான்னா அது பூலியன் இல்ல.

எட்டு எழுத்தா, பதினாலா, நாப்பத்திரண்டா?

நம்ம தமிழ் வலைமக்களுக்குப் பிடிச்ச சப்ஜெக்ட். 'கள்ளக்குறிச்சி' எத்தனை எழுத்து? எண்ணுங்க, எட்டு. யூனிகோடு கணக்குல? புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனியா எண்ணினா பதினாலு. யூடிஎஃப்-8-ல சேமிச்சா நாப்பத்திரண்டு பைட். ஊர்ப் பேருக்கு முப்பது போதும்னு ஒருத்தர் இங்கிலீஷ் நினைப்புல முடிவு பண்ணி, அந்த டேபிள் பைட் கணக்குல ஓடினா, கள்ளக்குறிச்சி பாதியிலயே அறுந்துடும்.

இன்னொரு கூத்து. எங்க அணை பேர் கோமுகி. 'கோ'வை ரெண்டு விதமா சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியா வைக்கலாம், இல்ல இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியா வைக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கம்ப்யூட்டருக்கு ஒண்ணு ஆறு குறி, இன்னொண்ணு ஏழு. தேடினா கிடைக்காது. ஒரே அணை ரெண்டு தடவை பதிவாகும். சேமிக்கறதுக்கு முன்னாடி நார்மலைஸ் பண்ண ஒரே ஒரு வரி போதும்.

அப்போ எல்லாத்தையும் டெக்ஸ்ட்டா வச்சிடலாமா?

இப்படி பேசினா உடனே ஒருத்தர் வருவார். "பாஸ், எதுக்கு வம்பு, எல்லாமே டெக்ஸ்ட் ஃபீல்டு, மக்கள் இஷ்டத்துக்கு எழுதட்டும்." கேக்க ஜனநாயகமா இருக்கு. அப்புறம் கள்ளக்குறிச்சி, கள்ளகுறிச்சி, கல்லக்குறிச்சின்னு மூணு ஊர் ஆகும். மலையில எத்தனை பேருக்கு உதவித்தொகை போய்ச் சேரலன்னு ஒருத்தர் கணக்கெடுக்க வந்தா எண்ணவே முடியாது. எண்ண முடியாதவங்க கணக்குல வரமாட்டாங்க, கணக்குல வராதவங்களுக்கு எதுவும் வராது. கண்டிப்பான டைப் வேணும்தான். அந்தக் கண்டிப்பு எங்க இருக்கணும்னு தெரிஞ்சவன் வைக்கணும்.

அதனால நான் சொல்றது ஒண்ணுதான். மாடல் எழுதற ஆளு, அதுக்கு முன்னாடி நிஜமான பத்து சான்றிதழையாவது, பத்து பட்டாவையாவது எடுத்துப் பார்க்கணும். அதுலயும் புதுசு அஞ்சு, பழசு அஞ்சு. முடிஞ்சா ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கிற பிரவுசிங் சென்டர்க்காரர் பக்கத்துல ஒரு மதியம் உக்காரணும். எந்தப் பெட்டிக்கு முன்னாடி அவர் கை நின்னு, "இதுல என்னத்தப் போடறது"ன்னு யோசிக்குதோ, அங்கதான் நம்ம டைப் தப்பு. எந்த ஆர்க்கிடெக்ட்டும் இதைவிட நல்ல ரிவ்யூ தரமாட்டார்.

உங்க ஊருக்கு எந்த ஃபீல்டுல இடிக்குது? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: "பேர்ல ஒரே எழுத்து இருந்தா எரர் வருது, என்ன பண்ண?"ன்னு கேக்கப்போற இனிஷியல் மக்களுக்கு... அந்த ஃபார்ம் எழுதினது நான் இல்லீங்க. எஸ்கேப்ப்ப்!